புதுச்சேரிப் பூங்காக்களும் ஏரிகளும் காடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறில் வந்து இறங்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கட்டணம், திறக்கும் நேரம் இரண்டும் அடிக்கடி மாறுவதால் அவற்றை எழுதவில்லை. கிளம்பும் முன் தங்கும் விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாண்டி என்றால் பீச் ரோடும் கஃபேயும்தானே? மரம் செடி பார்க்க என்ன இருக்கிறது?

நகருக்குள் தாவரவியல் பூங்காவும் பாரதி பூங்காவும் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஊசுட்டேரி. வடக்கே ஆரோவில் காடும் கீழ்புத்துப்பட்டு கோயில் காடும். மேற்கே திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள். தெற்கே கடலூரைத் தாண்டினால் பிச்சாவரம். இத்தனையும் இருக்க, காகிதப்பூ படர்ந்த மஞ்சள் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். சுவரும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் வெயில் ஏறியபின் நிழலுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால்?

தாவரவியல் பூங்கா. ஆட்டோக்காரரிடம் ‘பொட்டானிக்கல் கார்டன்’ என்றாலே போதும். மறைமலை அடிகள் சாலையில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பதால், ஊருக்குத் திரும்பும் நாளில் பஸ்ஸுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் தொடங்கிய தோட்டம் இது. பொழுதுபோக்குக்காக வைத்ததல்ல. வெளிநாட்டுப் பயிர்களும் மரங்களும் இந்த மண்ணில் பிழைக்குமா, பிழைத்தால் காசு தருமா என்று பார்ப்பதற்கான இடம். ஜார்ஜ் சாமுவேல் பெரொத்தே என்ற தாவரவியலாளர் இந்தத் தோட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். அதற்கு முன் செனகலில் வேலை பார்த்தவர், நீலகிரியில் ஏறி இறங்கிச் செடி சேகரித்தவர், 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தார். உள்ளே நிற்கும் பல மரங்கள் நம் ஊர்த் தெருவில் பார்க்கக் கிடைக்காதவையாக இருப்பதற்கு இந்தப் பழைய சோதனை முயற்சிகளே காரணம்.

போனால் நாகலிங்க மரத்தைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். புதுச்சேரியின் மாநில மலர் நாகலிங்கப்பூதான். மற்ற மரங்களில் பூவைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும். இதில் அடிமரத்திலேயே கயிறு கயிறாகக் காம்பு தொங்கி, கண்ணுக்கு நேராகப் பூத்திருக்கும். தடித்த சிவப்பு இதழ்களுக்கு நடுவே பொடிப்பொடியாக ஒரு பீடம், அதன்மேல் படம் எடுத்த பாம்பு மாதிரி வளைந்து கவிந்த மகரந்தக் கொத்து. வாசனை அரையடி தூரத்திலேயே ஆளை இழுக்கும். காய் விஷயம் வேறு. பீரங்கிக் குண்டு அளவில் பழுப்பாகத் தொங்கும், விழுந்து உடைந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர வேண்டியதுதான். மரத்தடியில் உட்காரும் முன் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிவன் கோயில்களில் தல மரம்போல இது நிற்பதால் நம் ஊர் மரம் என்றே பலர் நினைக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது.

குழந்தைகளுக்கு ஏதாவது உண்டா? பொம்மை ரயில் ஓடுகிறதா?

தாவரவியல் பூங்காவின் சிறுவர் ரயில் ரொம்ப காலமாகப் பேர்போனது. ஓடும் நாளும் உண்டு, நிற்கும் நாளும் உண்டு. அதனால் ரயிலைக் காட்டி ஆசை மூட்டிப் பிள்ளைகளை அழைத்து வராதீர்கள். வாசலில் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில், துய்ப்ளே சிலை நிற்கும் இடத்திலும் ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. மாலையில் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடலாம்.

தானே புயலில் மரமெல்லாம் போய்விட்டதாமே? இப்போது போய்ப் பார்க்க என்ன மிச்சம்?

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை ஏறியது. காலையில் கதவைத் திறந்தவர்களுக்குத் தெருவே தெரியவில்லை. மரங்கள்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. தாவரவியல் பூங்காவிலும் பாரதி பூங்காவிலும் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு தலைமுறை போதாது. நூறு வயது மரத்துக்குப் பதில் நட்ட கன்று நூறு வயதாக நூறு வருஷம் ஆகும்.

ஆனால் எல்லாம் போய்விடவில்லை. தப்பிய முதுமரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் நடுவில் அன்று வெட்டவெளியான இடங்களில் முன்பு பெரிய மரங்கள் நின்றன. அந்த இடங்களில் நட்ட கன்றுகள் இப்போது நிழல் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது காற்றைவிட மழைதான் ஊரை வதைத்தது: ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல். வேர்ப்பிடிப்பு இளகிய மரங்கள் மழை விட்ட பின்பும் சாயக்கூடும். ஆகவே புயல் ஓய்ந்த வாரத்தில் எந்தப் பூங்காவுக்கும் போகாமல் இருப்பதே நல்லது. கிளை ஒடிவதில் குல்மொகர் முதல் ஆள். பனை அசையாமல் நிற்கும்.

பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம் யாருடையது?

ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். கதை இப்படிச் சொல்வார்கள்: கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் தலைக்கேறி, இடித்துத் தள்ள உத்தரவிட்டார். ‘நானே இடிக்கிறேன், தவணை கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிய ஆயி, வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். இது நடந்தது முத்திரப்பாளையத்தில். பல காலம் கழித்து, உப்புத் தண்ணீரால் தவித்த பிரெஞ்சு நகரத்துக்கு முத்திரப்பாளையத்திலிருந்துதான் குடிநீர் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், அதன் நினைவாக எழுந்ததே இந்த மண்டபம். கும்பிட்ட ராஜாவுக்கு இங்கே மண்டபம் இல்லை, ஆயிக்குத்தான் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

பூங்காவைச் சுற்றி ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. மணக்குள விநாயகர் கோயில் கூப்பிடு தூரம். பிரெஞ்சுக்காரர் கட்டிய லூயி கோட்டை இந்தப் பகுதியில்தான் இருந்தது; 1761இல் ஆங்கிலேயர் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியின் பெயர்தான் பூங்காவுக்கு.

பார்க்கச் சிறந்த நேரம் வேலைநாள் பிற்பகல். அரசு அலுவலகங்களுக்கு மனு கொடுக்க வந்தவர்கள், மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர்கள், கல்லூரி முடித்து வந்த பிள்ளைகள் என்று ஊர் முழுக்க ஒரே நிழலில் உட்கார்ந்திருக்கும். ஞாயிறு மாலையில் உட்கார பெஞ்சு கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

எந்த மாதம் வரலாம்? எந்த நேரம் போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி. மழை முடிந்து எல்லாம் பச்சையாக இருக்கும், வெயில் கடிக்காது, ஏரியில் தண்ணீரும் பறவையும் இருக்கும். அரசின் மலர், காய், கனிக் கண்காட்சி நடக்கும் ஆண்டுகளில் அதுவும் இந்த வாக்கில்தான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; வந்தால் குடையோடு வாருங்கள், கொசுவுக்கும் தயாராக வாருங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஆனால் சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகச் சரம் இறக்குவதும் அப்போதுதான். அதைப் பார்க்க ஆசை இருந்தால் காலை ஆறரைக்கு வெளியே வந்து எட்டரைக்குள் இட்லிக் கடைக்குப் போய்விட வேண்டும்.

ஊசுட்டேரியில் பறவை தெரியுமா, இல்லை படகு சவாரி மட்டும்தானா?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தெரியும். இது புதுச்சேரியின் பெரிய ஏரி. மொத்தம் 800 ஹெக்டேர் வாக்கில் வரும். ஏறக்குறைய பாதி புதுவையிலும் மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கிறது. புதுச்சேரி தன் பக்கத்து 390 ஹெக்டேரை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பங்கை 2015இல் அறிவித்தது. பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதால் இரண்டு அரசும் சேர்ந்து பார்த்துக்கொண்டால்தான் ஏரி பிழைக்கும். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து நிரம்புகிறது.

பறவை பார்க்க வேண்டுமென்றால் படகுத்துறையில் நிற்காதீர்கள். கரைமேல் கொஞ்ச தூரம் நடந்து, பேச்சை நிறுத்தி நில்லுங்கள். முதலில் கண்ணில் படுவது நாமக்கோழியாக இருக்கும். கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளையாக ஒரு பட்டை, கூட்டம் கூட்டமாக நீந்தும். அதற்குப் பக்கத்திலேயே நெற்றி சிவந்த தாழைக்கோழி தனியாகப் புல்லோரம் மேயும். நீர்க்காகம் முங்கி எழுந்து, கட்டையில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காய வைக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனியுங்கள். மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிக்க வாகாக அமைந்தது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள்; செல்போனில் எடுத்தால் வெறும் புள்ளிதான் விழும்.

படகில் போகும்போது பறவைக் கூட்டத்துக்குள் விடச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். கூட்டம் எழும்பிப் பறப்பது வீடியோவுக்கு அழகு. ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இளைப்பாறும் பறவையைத் தேவையில்லாமல் எழுப்பிவிடுகிறோம்.

ஆரோவில்லில் மாத்ரிமந்திருக்குள் போகாமல் தோட்டத்தை மட்டும் பார்க்க முடியுமா?

பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மரநிழல் பாதையில் நடந்து போனால் பார்வை முனை வரும். அங்கிருந்து மாத்ரிமந்திர் என்ற தங்க உருண்டை வடிவத் தியான மண்டபத்தையும் சுற்றியுள்ள தோட்டத்தையும் தூரத்திலிருந்து பார்க்கலாம். உள்ளே போய் உட்காருவதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். ‘இவ்வளவு நடந்து வந்து தூரத்திலிருந்துதான் காட்டுகிறார்களா’ என்று முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நடையே பார்க்க வேண்டியதுதான் என்பேன்.

1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு கிட்டத்தட்ட மொட்டைச் செம்மண். மழை பெய்தால் மண் அரித்துக் கடலுக்குப் போகும். முதலில் வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். அப்புறம் வேகமாக வளரும் வெளிநாட்டு வேல மரங்களை வைத்து நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை நட்டார்கள். இன்று நீங்கள் நடக்கும் நிழல் இப்படி உண்டானது. கூடுதல் ஆர்வம் இருந்தால் 2000இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் தோட்டம் தனியாக இருக்கிறது. நகருக்குள் இருக்கும் பொட்டானிக்கலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஆட்டோக்காரர் வேறு இடத்தில் இறக்கிவிடுவார்.

அந்த ‘உரிய காடு’ நட்டு வளர்க்காமல் இயற்கையாக எங்காவது மிச்சமிருக்கிறதா?

கோயிலைச் சுற்றித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலை ஒட்டிய காடு, ஆய்வாளர்கள் தேடி வரும் அளவுக்கு முக்கியமானது. ஐயனாருக்குச் சொந்தமான மரத்தில் கை வைக்கக் கூடாது என்ற பயம்தான் இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. வனத்துறைச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இருந்த சட்டம் அது.

காடு என்றதும் வானளாவிய மரங்களை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் காட்டு மரங்கள் அவ்வளவு உயரம் போகாது. இலைகள் சிறியவை, தடித்தவை, பளபளப்பானவை. கோடையிலும் பெரும்பாலும் உதிராது. காயா மரம் பூத்திருக்கும் நேரத்தில் போனால் பாக்கியம். கிளையை ஒட்டி நீலமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். திருமாலின் நிறத்துக்கு உவமை சொன்ன காயாம்பூ இதுதான். பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஒரு கிளையையும் ஒடிக்காதீர்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையையும் தட்டையும் விட்டுப் போவதுதான் இப்போதைய கவலை. மரம் வெட்டப் பயப்படுகிறவர்கள் குப்பை போடப் பயப்படுவதில்லை.

திருவக்கரை கல்மரப் பூங்கா போய் வருவதற்குத் தகுமா? வெறும் கல்தானே?

மரம் பிடித்தவர்களுக்குக் கண்டிப்பாகத் தகும். புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடிமரங்கள் கல்லாகி மண்ணில் கிடக்கின்றன. கணுவும் நாரோட்டமும் அப்படியே தெரியும். தட்டினால்தான் கல் என்று தெரியும். இந்தக் கட்டைகளில் வேரும் கிளையும் இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களை ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். இவை கிடக்கும் பாறைக்குப் பெயர் கடலூர் மணற்கல். ஆரோவில் மேட்டுச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பதும் அதுவே.

சில்லு ஒன்றை ஞாபகார்த்தமாகப் பையில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம். பௌர்ணமி அன்று பக்கத்து வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். சாமி கும்பிடத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, கல்மரம் பார்க்கத்தான் என்றால் வேறு நாள் வாருங்கள். நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

கடலூர் பக்கம் போனால்?

நகருக்குள் பூங்காவுக்காக மெனக்கெட வேண்டாம், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாலைக் காற்று வாங்கலாம். முழு நாள் இருந்தால் நேராகப் பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே மேல், குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சுரபுன்னையின் முட்டுவேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீரில் இறங்கி நிற்கும். தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்தின் பழைய பெயர் அதனால் வந்ததே. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைக் கிள்ளும் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

பாரதி பூங்கா எளிது, சிறியது, சமதரை. தாவரவியல் பூங்கா பெரியது. பாதி சுற்றிவிட்டு உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை. ஆரோவில்லில் நடக்க முடியாதவர்களுக்கு வண்டி வசதி பற்றி பார்வையாளர் மையத்திலேயே கேளுங்கள். ஊசுட்டேரிக் கரையும் திருவக்கரையும் முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம். கழிப்பறையை நம்பி எங்கும் போகாதீர்கள், விடுதியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கட்டுச்சோறு எடுத்துப் போகலாமா?

இடத்துக்கு இடம் வேறுபடும். அனுமதித்தால் எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போய், மிச்சத்தையும் திருப்பி எடுத்து வாருங்கள். காக்கைக்கும் நாய்க்கும் வைக்கிறேன் என்று இலையில் கொட்டி வைப்பது புண்ணியத்தில் சேராது. மதுபாட்டில் எங்கேயும் கூடாது. பாண்டியில் சரக்கு மலிவு என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்?

கேமராவுக்குத் தனிக் கட்டணமோ முன் அனுமதியோ தேவைப்படலாம், வாசலில் கேட்டுவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம், ஆளுநர் மாளிகை பக்கத்தில் பறக்கவிட்டால் ஷூட் காவல் நிலையத்தில் முடியும். புகைக்குண்டு, கலர்ப்பொடி இரண்டும் புல்லையும் பூச்சியையும் பாழாக்கும்.

அங்கே பார்த்த செடி ஒன்றை வீட்டில் வளர்க்க ஆசை. பூங்காவில் விதை பொறுக்கலாமா?

பூங்காவில் பறிப்பதும் பொறுக்குவதும் வேண்டாம், பூஜைக்கு என்றாலும். ஆரோவில் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. நாகலிங்கத்தைத் தொட்டியில் வைக்க ஆசைப்படாதீர்கள், அது பெரிய மரமாகும். சின்ன வீட்டுக்கு நந்தியாவட்டையோ பவழமல்லியோ போதும்; கொஞ்சம் மண் இருந்தால் வில்வம் வைக்கலாம். புதுச்சேரியின் மாநில மரமும் அதுதான். பஸ்ஸில் போகிறவர்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் கன்று வாங்க வேண்டாம். பையோடு சாக்கில் சுற்றி, தண்ணீர் தெளித்து, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் வைத்தால் திண்டிவனம் தாண்டுவதற்குள் காற்றில் இலை வதங்கிவிடும்.